இலையில் நிற்கும் ஈரம்

(பதுளையில் தோட்டப்புற இளைஞர்களும் சிறு செய்கையாளர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பச்சைவீட்டில் நல்ல பூ வளர்ப்பது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்தீர்கள். நான் ஒரு நோயிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக் கேளுங்கள்.

இங்கிருந்து பசறை வழியாகக் கிழக்கே ஏறினால் மடுல்சீமை. 1869இல் அந்த மலையில் ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் அப்பியிருப்பதைக் கண்டார்கள். இலங்கையில் கோப்பி இலைத் துரு முதன்முதலில் பதிவானது நம்முடைய இந்த ஊவா மண்ணில்தான். அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஆய்வாளர்கள் அந்தப் பங்கசுக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்பாதிச் சொல்லுக்கு நாசகாரி என்று பொருள். பெயர் பலித்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இந்த மலைகளில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பிக்கென்று கடல் தாண்டி வந்த நம் முன்னோரின் பிள்ளைகள், தேயிலைக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள்.

இடையில், 1880இல், மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசாங்கம் வரவழைத்தது. இரண்டு ஆண்டுகள் அவர் இங்கே வேலை செய்தார். கண்ணாடித் தகடுகளைக் கோப்பி மலைகளில் வைத்து, காற்று எதைச் சுமந்து வருகிறது என்று பிடித்துப் பார்த்தார். காற்றில் வருவது அந்தத் துருவின் நுண்வித்து. அது இலையில் விழுந்தாலே நோய் வந்துவிடாது. இலையில் ஈரம் நிற்க வேண்டும். அந்த ஈரத்தில் வித்து முளைத்து, இலையின் சுவாசத் துளை வழியாக உள்ளே புகுகிறது. புகுந்தபின் மேலே எந்தத் தூளைத் தூவினாலும் அதைப் பிடிக்க முடியாது. மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டிருந்ததால், காற்றுக்கும் துருவுக்கும் பாதை திறந்தே கிடந்தது. வார்ட் இதையெல்லாம் கண்டுசொன்னபோது, கோப்பியைக் காப்பாற்றும் காலம் கடந்திருந்தது.

பச்சைவீட்டில் பூ வளர்க்க விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இலையில் ஈரம் எத்தனை மணித்தியாலம் நிற்கிறது? காற்றில் என்ன வருகிறது? நோய் உள்ளே புகுவதற்கு முந்திய நாள் நம் கண் எங்கே இருந்தது? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தவரிடம் பூ நன்றாக இருக்கும். தெரியாதவரிடம் எத்தனை விலையுயர்ந்த மருந்துப் போத்தல் இருந்தாலும் பூ நிற்காது.

*

பூவுக்கு இந்த மலைகள் ஏற்றவையா என்று கேட்பீர்கள். உலகப் பூச்சந்தைக்கு அனுப்பும் நாடுகளைப் பாருங்கள். கென்யாவில் நைவாசா ஏரிக்கரை, எக்குவடோரின் மலைப் பள்ளத்தாக்குகள், கொலம்பியாவின் மேட்டுநிலம். மூன்றும் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள உயர்ந்த இடங்கள். பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம். வெயில் உண்டு, இரவு குளிர்கிறது. அந்த இரவுக் குளிரில்தான் காம்பு தடிக்கிறது, மொட்டு பெருக்கிறது, நிறம் ஏறுகிறது. தமிழ்நாட்டில் ஓசூரைச் சுற்றிப் பச்சைவீட்டு ரோஜா பரவியதற்கும் அந்த மேட்டுநிலத்தின் மிதமான தட்பவெப்பமே காரணம். கடல் மட்டத்திலிருந்து ஓசூர் ஏறக்குறைய 900 மீற்றர். நம் பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். வெலிமடை, ஊவா பரணகம பக்கம் போனால் மரக்கறிக்கும் மிளகாய்க்கும் போட்ட பொலித்தீன் வீடுகள் சரிவெங்கும் தெரிகின்றன. வீடு கட்டத் தெரிந்த கைகள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு.

எந்தப் பூவை எந்த உயரத்தில் வைப்பது என்பதையும் மலையே சொல்கிறது. கார்னேசனும் ரோஜாவும் குளிர் கேட்பவை. அவற்றுக்குப் பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை. ஜெர்பராவை, நாம் ஜபரா என்கிறோமே, அதை நடு உயரத்தில் வளர்க்கலாம். பதுளை நகரம் 700 மீற்றர் அளவில் இருக்கிறது. இங்கும் இதற்குக் கீழேயும் நல்ல நிழல்வலை போட்டு அந்தூரியம் வளர்க்கலாம். அண்டை வீட்டார் லாபம் கண்டார் என்பதற்காக, உயரம் பார்க்காமல் அதே பூவை நடாதீர்கள்.

செவ்வந்தியில் ஒரு நுட்பம் உண்டு. பகல் குறுகி இரவு நீண்டால் அது மொட்டுக்குத் திரும்பும் செடி. நாம் வடக்கே ஏழு பாகையில் இருக்கிறோம். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் நம் மண்ணில் செவ்வந்தி எந்த மாதத்திலும் மொட்டு விடத் தயார். காம்பு ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிட்டால் யார் வாங்குவார்? அதனால் நட்ட முதல் சில வாரங்களில் நள்ளிரவில் நான்கு மணித்தியாலம் அளவு விளக்கு எரித்து, நீண்ட இரவை இரண்டாக முறிக்கிறார்கள். செடி மொட்டை மறந்து காம்பை வளர்க்கிறது. வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்தினால் போதும்.

*

இனி நம் இரண்டு பருவங்களுக்கு வருகிறேன். ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவ மழை. ஆனி முதல் ஆவணி, புரட்டாசி வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்று. அந்தக் கச்சானில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் மணம் ஏறுகிறது. தேயிலைக்கு வரமாகும் அதே காற்று, பூ வீட்டில் வேறொரு எதிரியைக் கூட்டி வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் மழைக்காலம்.

நான் இளைஞனாக இருந்தபோது நண்பர்கள் இருவரோடு சேர்ந்து பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பொலித்தீன் வீடு போட்டேன். கார்னேசன் வைத்தோம். மார்கழி மாதம். மழை தூறிக்கொண்டே இருந்தது, இரவு கடுங்குளிர். செடி விறைத்துவிடுமே என்று பயந்து, மாலை நான்கு மணிக்கே நான்கு பக்கத் திரைகளையும் இறக்கி இறுக்கிக் கட்டினோம். பிள்ளையைப் போர்த்திவிட்ட நிம்மதியோடு படுக்கப் போனோம். காலையில் உள்ளே நுழைந்தால் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும். இரண்டு வாரத்தில் இதழ்களில் சிறு புள்ளிகள், பிறகு நரைத்த பூசணம். பொட்ரைட்டிஸ். வெட்டுக்குத் தயாராக இருந்த பூக்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்தோம்.

நாங்கள் செய்த தவறு என்னவென்று அன்று புரியவில்லை. இன்று கணக்கோடு சொல்ல முடியும். மாலையில் வீட்டுக்குள் வெப்பம் 25 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்று வையுங்கள். கேட்பதற்கு வறண்ட காற்றுப் போலத் தோன்றும். அதே காற்றை அடைத்து வைத்து 17 பாகைக்குச் சற்றுக் கீழே குளிரவிட்டால் அது பனித்துளியாக இறங்கத் தொடங்கிவிடும். பண்டாரவளை மார்கழி இரவு அதற்கும் கீழே போகும். செடியும் மண்ணும் வெளியிடும் ஈரம் வேறு. நாங்கள் குளிரை வெளியே பூட்டியதாக நினைத்து ஈரத்தை உள்ளே பூட்டியிருந்தோம்.

அதனால் மாலையில் திரையை இறக்குவதற்கு முன், பகல் முழுவதும் சேர்ந்த ஈரக் காற்றை வெளியே விட்டுவிடுங்கள். கூரை முகட்டில் காற்றுவாய் வைத்து வீடு கட்டுங்கள்; மழைக்காலத்திலும் அதை முழுவதும் அடைக்காதீர்கள். நீர் ஊற்றுவது காலையில். மாலையில் ஊற்றினால் அந்த ஈரம் இரவு முழுவதும் இலையோடு தங்கும். தலைக்கு மேல் தெளிக்காமல் வேருக்குச் சொட்டுநீர் கொடுங்கள். செடிக்கும் செடிக்கும் இடையே காற்று நுழையட்டும். உதிர்ந்த இதழையும் காய்ந்த இலையையும் பாத்தியில் விடாதீர்கள். பொட்ரைட்டிஸ் முதலில் குடியேறுவது செத்த இதழில்தான்.

வெண்தூள் நோய் மட்டும் கொஞ்சம் வேறுவிதம். இலையில் மாவு தூவியதுபோல வருமே, அது. அதற்கு இலையில் நீர் நிற்க வேண்டியதில்லை. குளிர்ந்த ஈரமான இரவும் வெதுவெதுப்பான வறண்ட பகலும் மாறி மாறி வந்தாலே போதும். ரோஜா வைப்பவர்கள் மழை விட்டுவிட்டது என்று கண்ணயர்ந்துவிடக் கூடாது.

மழையைப் பற்றிப் பேசும்போது கூரைநீரை விட முடியாது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். 500 சதுர மீற்றர் பொலித்தீன் கூரையில் ஒரு நாள் 50 மில்லிமீற்றர் பெய்தால் 25,000 லீற்றர் நீர் ஒரே பக்கமாகச் சரிவில் இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை சரிந்ததை நாம் மறக்கவில்லை. சரிவை வெட்டித் தட்டையாக்கி வீடு போடுமுன், அந்த நிலம் மண்சரிவு அபாயப் பகுதியா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். கூரைநீருக்குப் பீலி வைத்துத் தொட்டியில் சேருங்கள். அந்த 25,000 லீற்றர், அதே வீட்டுக்குக் கச்சான் காலத்தில் ஏறக்குறைய அரை மாதத் தண்ணீர்.

*

கச்சான் வந்ததும் இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் தோன்றும். இலையைத் திருப்பினால் மணல்போல நகரும் சிவப்புச் சிலந்திப் பேன். இதன் உறவுக்காரப் பேன் ஒன்று தேயிலையிலும் உண்டு. கொழுந்தெடுத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெப்பம் 30 பாகையைத் தொட்டால் முட்டையிலிருந்து முட்டையிடும் பேனாக வளரப் பத்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை நான்கு இலையில் இருந்தது அடுத்த ஞாயிற்றுக்குள் பாத்தி முழுவதும் பரவியிருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் போத்தலைத் தூக்குகிறார்கள். அவர்களுக்கு நம் தேயிலையின் சொந்தக் கதையொன்றைச் சொல்ல விரும்புகிறேன். இலைகளைச் சுருட்டிப் பின்னி அழிக்கும் ஒரு புழு ஒரு காலத்தில் மலைநாட்டுத் தேயிலையைப் படாத பாடு படுத்தியது. 1935, 36 காலத்தில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும். சில ஆண்டுகளில் புழு அடங்கிவிட்டது. உலகப் பூச்சியியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் வெற்றி அது. பிறகு 1950களில், தண்டைத் துளைக்கும் வேறொரு வண்டுக்காக டில்ட்ரின் என்ற கடும் மருந்தைத் தெளித்தார்கள். குளவிகள் அழிந்தன, அடங்கிக் கிடந்த புழு மறுபடியும் பெருகியது. ஒரு எதிரியைக் கொல்லப் போய், காவலாளியைக் கொன்றுவிட்டோம்.

பச்சைவீட்டிலும் அப்படித்தான். சிலந்திப் பேனைத் தின்னும் பேன்களே உலகில் உண்டு; ஐரோப்பியப் பூ வீடுகளில் அவற்றை விலைக்கு வாங்கி விடுகிறார்கள். நம் வீட்டுக்குள் தானாக வரும் நல்ல பூச்சிகளையாவது கொல்லாதிருப்போம். காற்று வறண்டு போகும் நண்பகலில் பாதைகளை நனைத்து வீட்டுக்குள் ஈரத்தைக் கொஞ்சம் கூட்டலாம். வாரம் இரு முறை, வரிசைக்குப் பத்துச் செடி என்று எடுத்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட இலையைப் பையில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். பாத்திகளுக்கு மேலாகத் தூக்கிச் செல்லாதீர்கள். மருந்து தேவைப்பட்டால் தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும் அடியுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பேன் அதற்குப் பழகிவிடும்.

வெண் ஈக்கும் இலைப்பேனுக்கும், மஞ்சள், நீல நிற அட்டைகளில் பசை தடவிச் செடிமட்டத்தில் தொங்கவிடுங்கள். வார்ட் காற்றில் வைத்த கண்ணாடித் தகட்டின் பேரப்பிள்ளைகள் இவை. அட்டையில் போன வாரம் மூன்று, இந்த வாரம் முப்பது என்றால், இலை வாடுவதற்கு முன்பே உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. நுழைவாயிலுக்கு இரட்டைக் கதவு, பக்கங்களுக்கு நெருங்கிய வலை, வாசலில் கால் நனைக்கக் கிருமிநாசினித் தட்டு. யார் வந்தாலும் விதிவிலக்கு வேண்டாம். அரசாங்க உத்தியோகத்தர் வந்தாலும், நான் வந்தாலும்.

*

மண்ணுக்குள் இருக்கும் எதிரி இன்னும் பொறுமையானவன். கார்னேசனில் பியூசேரியம் வாடல் வந்தால் செடியின் ஒரு பக்கம் மட்டும் வெளிறிச் சாயும். தண்டைச் சீவிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு. அந்தப் பங்கசு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது. வேரோடும் மண்ணோடும் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். இதற்குக் காவல் இரண்டு. ஒன்று, நம்பிக்கையான இடத்திலிருந்து வாங்கிய நோயற்ற நாற்று. தெரிந்தவர் தோட்டத்தில் ஓசியாகக் கிடைத்த கொப்பு, நாளைக்குப் பெருவிலை கேட்கும். இரண்டு, மண்ணைத் தொடாத வளர்ப்பு. உலகமெங்கும் பச்சைவீடுகளில் நிரப்பும் தென்னந்தும்புத் தூளை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் ஒன்று நம் இலங்கை. நாமே அதை வீட்டில் பாவிக்காவிட்டால் எப்படி? உப்பு போக நன்றாகக் கழுவி, கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்து, பைகளில் நிரப்பித் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். அடியில் வடிகால் இருக்கட்டும். ஜபராவை நடும்போது அதன் நடுக்குருத்து மண்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், புதைந்தால் அழுகும்.

பூ வெட்டுவதும் ஆரோக்கியத்தின் ஒரு பகுதியே. வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். வெட்டிய கையோடு சுத்தமான வாளியில், சுத்தமான நீரில் வையுங்கள். அழுக்கு வாளியில் பற்றீரியா பெருகிக் காம்பின் நீர்க்குழாயை அடைத்துவிடும். ஜபராவை வெட்டாமல் அடியோடு திருகி எடுங்கள். செடியில் நின்ற அடிக்காம்பு அழுகினால் செடியையும் இழுத்துக்கொண்டு போகும். ரோஜா, கார்னேசன், செவ்வந்தி மூன்றும் 2 முதல் 4 பாகை வரை குளிரைத் தாங்கும்; அந்தூரியத்தை அந்தக் குளிரில் வைத்தால் கறுத்துவிடும். இங்கிருந்து கொழும்பு 200 கிலோமீற்றருக்கு மேல்; பதுளைக்கு 1924இலேயே ரயில் வந்துவிட்டது என்றாலும் பயணம் இன்றும் நீளம். லொறியில் பழுத்த வாழைப்பழத்தோடும் தக்காளியோடும் பூவை ஏற்றாதீர்கள். பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு பட்டால் கார்னேசன் இதழைச் சுருக்கிக்கொண்டு தூங்கிவிடும். கொழும்பில் அதை எழுப்ப யாராலும் முடியாது.

சந்தையையும் எச்சரிக்கையோடு பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தின்போது நெதர்லாந்தின் ஏலக்கூடங்களில் பூக்களை வண்டி வண்டியாக அழித்தார்கள். ஏற்றுமதிக் கனவு பிறகு வரட்டும். கோயிலும் விகாரையும் கலியாண வீடும் ஹோட்டலும் நம் நாட்டில் பூ கேட்கின்றன. நம் மாகாணத்திலேயே கதிர்காமம் இருக்கிறது. அருகில் உள்ள சந்தையில் முதலில் பெயர் எடுங்கள்.

*

கடைசியாக, பூ வளர்க்கும் கையைப் பற்றி.

மூடிய வீட்டுக்குள் அடித்த மருந்து வெளிநிலத்தில்போலக் கலைந்து போகாது. கவசம் இல்லாமல் அடிக்கவும், காய்வதற்குள் பெண்களை உள்ளே அனுப்பவும் யாருக்கும் உரிமை இல்லை. காம்பு நிமிர்ந்து நின்று, வெட்டியவள் இருமிக்கொண்டிருந்தால் அந்தப் பூவை நான் ஆரோக்கியமான பூ என்று சொல்ல மாட்டேன்.

நான் பார்த்த பச்சைவீடுகளில் இலையைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கொழுந்தெடுத்த பெண்கள். என் அம்மா பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் கூடை சுமந்தார். 1946இல் இந்த நாட்டுக்கு வந்த தேயிலைக் கொப்புள நோயின் வெளிறிய புள்ளியை, இலை கொப்பளிக்குமுன் கண்டுவிடுவார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பறித்த கண்ணுக்கு, ரோஜா இதழின் ஒரு புள்ளி தப்பாது. அந்தக் கண்ணுக்கு இந்நாட்டில் இதுவரை நாட்கூலி மட்டுமே கிடைத்திருக்கிறது. பூச்செய்கையில் அதற்கு உரிமை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நான் ஊர் ஊராகப் பேசுகிறேன்.

தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்டக் கொடுத்த ஏழு பேர்ச் காணி என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். வீடு போக மிஞ்சுவதில் பெரிய பொலித்தீன் வீடு போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நிலம் குத்தகைக்கு எடுக்கலாம். தோட்ட நிர்வாகங்கள் தேயிலைக்கு உதவாத மூலைகளை அவர்களுக்குக் கொடுக்கலாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போய்க் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

தங்கைகளே, தம்பிகளே, வீடு கட்டப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளையே ஒரு வெப்பமானியும் ஈரமானியும் வாங்கி, பூ வைக்க நினைக்கும் நிலத்தில் தொங்கவிடுங்கள். ஒரு கொப்பியில் காலை, நண்பகல், மாலை என்று எழுதுங்கள்: வெப்பம், ஈரம், காற்று, மழை, பனி எத்தனை மணிக்குக் காய்ந்தது. ஒரு வருடம் எழுதினால் உங்கள் நிலத்துக்கு எந்தப் பூ, எந்த மாதம் எந்த நோய் என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். நம் பாட்டனும் பாட்டியும் அம்மாவும் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையை வேறு ஒருவர்தான் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் எழுதினார். இந்தக் கொப்பியில் எழுதுவது உங்கள் கை.